சாவி உடைந்தால் பூட்டையே மாற்ற வேண்டுமா? மோட்டார் சைக்கிள் சாவி பற்றி ஓர் எளிய விளக்கம்

வண்டிச் சாவி உடைந்துவிட்டது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், சுற்றி நிற்கும் நாலு பேரும் நாலு வைத்தியம் சொல்வார்கள். "லாக் செட்டையே மாத்திடு" என்பார் ஒருவர். "சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டி இழு" என்பார் இன்னொருவர். காந்தம் வைத்தால் வந்துவிடும் என்பது மூன்றாமவர் யோசனை. எதற்கும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார் என்பது நான்காமவருடையது. முதலாவது பெரும்பாலும் வீண்செலவு. இரண்டாவது நன்றாக இருக்கும் பூட்டையும் கெடுத்துவிடும். மூன்றாவது நடக்காத காரியம். நான்காவது பிரச்சினையைச் சில நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

இத்தனை குழப்பத்துக்கும் காரணம், நான்கு தனித்தனிப் பொருள்களின் கோளாறை நாம் ஒரே கோளாறாகப் பேசுவதுதான். கையில் இருக்கும் உலோகத் துண்டு ஒன்று. அது நுழையும் பூட்டு இரண்டாவது. பூட்டுக்கு அடியில் இருக்கும் மின் சுவிட்ச் மூன்றாவது. சில வண்டிகளில் சாவியின் தலைக்குள் பதித்திருக்கும் சிப் நான்காவது. இதில் எது போயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

சாவியின் உண்மையான வேலை

சாவியைத் திருகுகிறோம், பூட்டு திறக்கிறது. அதனால் சாவி என்பது பூட்டைத் திருகும் கைப்பிடி என்றே மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் அது இரண்டாவது வேலை. பூட்டுக்கு ஒரு சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாகக் கிழிந்தாலும் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்துவிடலாம். வேறு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். எழுதியது அழியாத வரை எதுவும் போய்விடவில்லை. ஆனால் அதே தாளைக் கயிறாகத் திரித்து ஒரு பொருளைக் கட்டி இழுத்தால் அறுந்துதான் போகும், ஏனென்றால் தாள் அதற்கானது அல்ல. வண்டிச் சாவியும் அப்படித்தான். மெல்லிய உலோகத்தில் எழுதிய சேதி அது. எழுத்துகள்தான் அதன் விளிம்பில் இருக்கும் வெட்டுகள். சாவி உடைந்தால் தாள் கிழிந்திருக்கிறது, சேதி இரண்டு துண்டிலும் பத்திரமாக இருக்கிறது. ஆகவே கீழே விழுந்த துண்டை எரிச்சலில் தூக்கி எறியாதீர்கள். உடைந்த சாவி விஷயத்தில் முதல் விதி இதுதான்.

சேதி என்பது பேச்சுக்குச் சொல்வது அல்ல. 2008-இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர்கள், சாவியின் புகைப்படத்தை மட்டும் வைத்து அதன் வெட்டு அளவுகளைக் கணக்கிடும் மென்பொருளைச் செய்து காட்டினார்கள். ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி ஒரு கட்டடத்தின் மேலிருந்து எடுத்த படமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அதாவது, உலோகத்தைத் தொடாமலே சாவியைப் படித்துவிடலாம். புது வண்டி வாங்கிய மகிழ்ச்சியில் சாவியைக் கையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பூட்டுக்குள் நடப்பது

மோட்டார் சைக்கிள்களில் இருப்பவை பெரும்பாலும் வேஃபர் வகைப் பூட்டுகள். உள்ளே மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

சாவி நுழைந்ததும் அதோடு சேர்ந்து சுழலும் பகுதியை உருளை என்று வைத்துக்கொள்வோம். அந்த உருளையைச் சுற்றி அசையாமல் நிற்கும் வெளிப்பகுதி கூடு. உருளைக்குள் குறுக்காக, வரிசையாகச் செருகியிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்தான் வேஃபர்கள். ஒவ்வொரு வேஃபரின் நடுவிலும் ஜன்னல் போல ஒரு துளை, பக்கத்தில் தலைமயிர் கனத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங்.

சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தள்ளுவதால் எல்லா வேஃபர்களும் உருளையை விட்டுக் கொஞ்சம் வெளியே துருத்தி, கூட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் நுழைந்து நிற்கும். உருளை அசையாது. சாவியை உள்ளே விட்டால் அது எல்லா வேஃபர்களின் ஜன்னல் வழியாகவும் போகிறது. ஒவ்வொரு வேஃபரும் சாவியில் தனக்கு நேராக இருக்கும் வெட்டின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டின் ஆழம் சரியாக இருந்தால் வேஃபரின் இரண்டு முனைகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாகிவிடும். எல்லா வேஃபர்களும் இப்படிச் சமமானால்தான் உருளை சுழலும். ஒரே ஒரு வேஃபர் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நின்றாலும் பூட்டு பிடித்துக்கொள்ளும்.

வெட்டின் ஆழம் இஷ்டத்துக்கு இருப்பதில்லை. குறிப்பிட்ட சில படிகள்தான் உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவில்தான் வித்தியாசம் இருக்கும். எந்த இடத்தில் எந்தப் படி என்று வரிசையாக எழுதினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்தான் சேதி.

உருளையின் வால் பகுதி கீழே இருக்கும் மின் சுவிட்சைத் திருப்புகிறது. ஒயர்களை இணைப்பதும் பிரிப்பதும் அந்தச் சுவிட்சின் வேலை. சாதாரணச் சாவியில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. எனவே சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியும் டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்றால் சாவியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபியூஸ், பேட்டரி முனை, சுவிட்சின் உட்பக்கத் தொடர்புகள் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். பல வண்டிகளில் அடியில் இருக்கும் சுவிட்சை மட்டும் ஸ்குரூ கழற்றித் தனியாக மாற்ற முடியும்.

இதுவரை சொன்னதன் சாரம்: சாவியின் வெட்டுகள் வேஃபர்களைச் சமன் செய்கின்றன, சமனான உருளை சுழல்கிறது, சுழலும் உருளை சுவிட்சைத் திருப்புகிறது. சாவியைத் திருப்பப் பலம் தேவைப்படுகிறது என்றால், இந்தச் சங்கிலியில் எங்கோ ஒன்று சரியில்லை.

எங்கே உடைகிறது, ஏன்?

உங்கள் சாவியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலான சாவிகள் பித்தளையில் செய்து மேலே நிக்கல் முலாம் பூசியவை. கொஞ்சம் தரமானவற்றில் நிக்கல் சில்வர் என்ற கலவை இருக்கும். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் நிக்கலும். நாள்பட்ட சாவியில் வெட்டுகளின் விளிம்பில் முலாம் தேய்ந்து மஞ்சள் தெரியும். தலையை ஒட்டி, தண்டு தொடங்கும் இடத்தில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே மயிரிழை விரிசல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

சாவி உடையும் இடங்கள் இரண்டு. ஒன்று, தலைக்கு அருகில் இருக்கும் ஆழமான வெட்டு. இன்னொன்று, பிளாஸ்டிக் தலைக்குள் உலோகத் தண்டு நுழையும் கழுத்து. காரணம் எளியது. தட்டையான தகடு ஒன்றைத் திருகும்போது அது தாங்கும் பலம் அதன் அகலத்தைப் பொறுத்தது. ஆழமான வெட்டு அகலத்தில் பாதியைத் தின்றுவிட்டால் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, வெட்டின் கூர்மையான மூலையில் விசை குவிகிறது. பக்கவாட்டில் நீளமாக ஓடும் பள்ளங்களும் தகட்டை இன்னும் மெலிதாக்கி வைத்திருக்கின்றன.

ஆனாலும் ஒரே திருகலில் சாவி உடைவது அபூர்வம். உலோகக் களைப்பு என்று ஒன்று இருக்கிறது: தாங்கக்கூடிய விசைதான் என்றாலும், திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது ஒரு நுண்ணிய விரிசல் தோன்றி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போவது. கடைசியில் மிச்சமிருக்கும் உலோகம் தாங்காமல் ஒருநாள் பட்டென்று விடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். நேற்று நன்றாக இல்லை, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தது.

விரிசலுக்குத் தீனி போடும் பழக்கங்களில் முதலிடம் பெட்ரோல் டேங்க் மூடிக்கு. பூட்டைத் திறந்த கையோடு, சாவியையே பிடித்து மூடியை மேலே தூக்குகிறோம். திருகுவதற்காகச் செய்த மெல்லிய தகடு அங்கே ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. மூடியின் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். சாவியைத் திருப்பியபடி இன்னொரு கையால் மூடியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் இந்தச் சுமை சாவிக்கு வராது. சீட்டைத் திறக்கும்போதும் இதே கதைதான். சீட்டை ஒரு கையால் கீழே அழுத்திக்கொண்டு திருப்பினால் உள்ளே கொக்கி தளர்ந்து சாவி லேசாகத் திரும்பும்.

அடுத்தது ஹேண்டில் லாக். பூட்டிலிருந்து ஒரு தடித்த உலோக முளை வெளியே வந்து, ஹேண்டில்பாரோடு திரும்பும் பகுதியில் உள்ள துளைக்குள் நுழைவதுதான் ஹேண்டில் லாக். சாவியை அழுத்தித் திருப்புகிறோம், அதாவது ஒரே நேரத்தில் தள்ளலும் திருகலும். ஹேண்டில் சரியான இடத்தில் இல்லாவிட்டால் முளை துளையின் விளிம்பில் முட்டி நிற்கும். திறக்கும்போதும் வண்டி சாய்ந்து நிற்கும் எடையில் முளை இறுகிக்கொண்டிருக்கும். அப்போது நாம் சாவியை இன்னும் பலமாகத் திருகுகிறோம். செய்ய வேண்டியது நேர் எதிர்: சாவியில் விரல் நுனி அளவு அழுத்தம் மட்டும் வைத்து, ஹேண்டில்பாரை இடமும் வலமும் லேசாக ஆட்டுங்கள். முளை தளர்ந்த கணத்தில் சாவி தானே திரும்பும். சொல்லப்போனால் சாவிகள் உடைவதற்கான காரணங்களில் பாதியை இந்த ஒரு பழக்கம் ஒழித்துவிடும் என்பது என் கணிப்பு.

சாவி முழுவதும் உள்ளே போகும் முன்பே அவசரத்தில் திருகுவதும், பார்சல் டேப்பைக் கிழிக்கவும் பாட்டில் மூடியை நெம்பவும் சாவியைப் பயன்படுத்துவதும் தனியாக விளக்கத் தேவையில்லாதவை. வளைந்த சாவியை நிமிர்த்துவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பித்தளையை வளைத்து நிமிர்த்தினால் அந்த இடம் இறுகி, நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். பார்க்க நேராக இருக்கும், ஆனால் அடுத்து உடையப்போவது அங்கேதான். நிமிர்த்திய சாவியை வைத்து உடனே புதிய ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள், அதையே தினமும் ஓட்டாதீர்கள்.

கோளாறு சாவியிலா, பூட்டிலா?

சாவியை ஆட்டி ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது என்ற நிலை வந்தால், உடையும் முன் கிடைக்கும் எச்சரிக்கை அது. வண்டியோடு வந்த இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது வெண்ணெய்போலத் திரும்பினால் பூட்டு நன்றாக இருக்கிறது, தினசரிச் சாவிதான் தேய்ந்திருக்கிறது. இரண்டுமே அடம் பிடித்தால் பூட்டுக்குள் அழுக்கு சேர்ந்திருக்கிறது, அல்லது வேஃபர்கள் தேய்ந்திருக்கின்றன. ஹேண்டில் லாக் போட்டிருக்கும்போது மட்டும் கஷ்டம் என்றால் மேலே சொன்ன முளைதான் காரணம்.

இன்ஜின் ஓடும்போதே சாவியை உருவ முடிகிறது என்று சிலர் வேடிக்கையாகக் காட்டுவார்கள். அது வேடிக்கை அல்ல. உருளை திரும்பியிருக்கும்போது, கூட்டின் உள்சுவர் வேஃபர்களை அசைய விடாமல் பிடித்திருக்கும், அதனால் சாவி வெளியே வரக்கூடாது. வருகிறது என்றால் சாவியோ வேஃபரோ இரண்டுமோ நன்றாகத் தேய்ந்துவிட்டன.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இக்னிஷனில் திரும்பும் சாவி, டேங்க் மூடியில் திரும்பாது. இக்னிஷன் பூட்டு நாள்தோறும் அதே சாவியோடு உரசி, இரண்டும் சேர்ந்தே தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. டேங்க் பூட்டு எப்போதாவதுதான் திறக்கிறது, அது இன்னும் பழைய அளவையே எதிர்பார்க்கிறது. குற்றவாளி டேங்க் பூட்டு அல்ல, சாவிதான்.

துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால்

பதற்றத்தில் கையில் இருக்கும் மீதித் துண்டை உள்ளே விட்டுக் குத்தாதீர்கள். அது உடைந்த துண்டை ஆழத்துக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான் நடக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, பூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்பது. ஆன் நிலையில் உடைந்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் துண்டு வராது. காரணம் மேலே சொன்னதுதான்: திரும்பிய உருளைக்குள் வேஃபர்கள் அசைய முடியாது, அவை சாவியின் வெட்டுகளைக் கவ்விக்கொண்டு நிற்கும். உருளையை முதலில் ஆஃப் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், துண்டு முழுவதும் உள்ளே சரியான இடத்தில் இருந்தால் வேஃபர்கள் இன்னும் சமமாகத்தான் இருக்கின்றன. அதாவது சேதி பூட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, திருப்புவதற்குக் கைப்பிடிதான் இல்லை. சாவித் துவாரத்தின் வாயில் மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவர் ஒன்றை, துண்டைத் தள்ளாமல், லேசாகப் பொருத்தித் திருப்பினால் உருளை சுழலும். வழியில் மாட்டிக்கொண்டவர் இதே முறையில் வண்டியை ஆன் செய்து வீடு வந்து சேரவும் வாய்ப்பு உண்டு. திருப்ப முடியவே இல்லை, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். இன்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இன்ஜின்தான் நிற்கும், இக்னிஷன் ஆன் நிலையில் இருக்கும் வரை பேட்டரி வடிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆஃப் நிலைக்கு வந்த பிறகுதான் எடுக்கும் வேலை. துண்டின் முனை கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் கூரான நோஸ் பிளையரால் நேராக இழுங்கள். இழுக்கும்போது திருகக் கூடாது, திருகினால் உருளை நகர்ந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். முனை வெளியே தெரியவில்லை என்றால் மெல்லிய கொக்கி ஒன்று வேண்டும். இதற்கென்றே விற்கும் கருவிகள் உண்டு. நகை வேலைக்கும் மர வேலைக்கும் பயன்படுத்தும், இழை போல மெல்லிய ரம்ப பிளேடும் உதவும், பற்கள் உங்களை நோக்கி இருக்க வேண்டும். சாவியில் வெட்டு இருக்கும் விளிம்போரமாக அதை உள்ளே விட்டு, லேசாகச் சாய்த்தால் ஒரு பல் ஏதாவது ஒரு வெட்டில் மாட்டும். பிறகு நிதானமாக வெளியே இழுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது வெற்றிதான். அங்கிருந்து மறுபடி மாட்டி, மறுபடி இழுங்கள். முன்கூட்டியே கிராஃபைட் தூளைச் சிறிது ஊதிவிட்டால் வழுக்கல் கிடைக்கும்.

காந்தம் ஏன் உதவாது என்பது இப்போது புரிந்திருக்கும். பித்தளையைக் காந்தம் இழுக்காது. மேலே இருக்கும் நிக்கல் முலாம் மிக மெல்லிய படலம், ஸ்பிரிங்குகளை எதிர்த்துத் துண்டை இழுத்து வரும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. சூப்பர் க்ளூ இன்னும் ஆபத்து. நீர்போல ஓடும் பசை, துண்டின் முனையோடு நிற்காமல் வேஃபர்களுக்கும் உருளைக்கும் இடையில் இறங்கும். துண்டு வரும் முன்பே பூட்டு ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்த இரண்டு துண்டுகளையும் பசை போட்டு ஒட்டி, அதையே மீண்டும் பூட்டில் போட்டுத் திருகுவது இன்னொரு தவறு. ஒட்டிய சாவி வடிவத்தைக் காட்டும், விசையைத் தாங்காது.

சில வண்டிகளில் சாவித் துவாரத்தை மூடும் ஷட்டர் இருக்கும். அதைத் திறப்பது சாவித் தலையில் உள்ள, குட்டிக் காந்தங்கள் பதித்த முனை. துண்டு உள்ளே இருக்கும்போது யதார்த்தமாக ஷட்டரை மூடிவிடாதீர்கள். உடைந்த தலையையும் பத்திரப்படுத்துங்கள், அந்தக் காந்தக் குறியீடு அதில்தான் இருக்கிறது.

சில முயற்சிக்குப் பிறகும் நகரவில்லை என்றால் பூட்டுக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது. துண்டை ஆழத்தில் தள்ளிவிட்டுக் கொண்டுபோவதைவிட, தொடாமல் கொண்டுபோனால் அவருக்கும் வேலை எளிது.

சுருக்கமாக: ஆஃப் நிலைக்குக் கொண்டுவா, நேராக இழு, பசையை மற, இரண்டு துண்டையும் வைத்துக்கொள்.

புதுச் சாவி: நகலா, அசலா?

புதுச் சாவி வெட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நகல் எடுப்பது. இயந்திரத்தின் ஒரு பக்கம் பழைய சாவி, மறுபக்கம் வெட்டாத புதுத் தகடு. ஒரு முள் பழைய சாவியின் விளிம்பைத் தடவிக்கொண்டே போக, அதற்கு ஏற்ப மறுபக்கம் கத்தி வெட்டுகிறது. உடைந்த துண்டுகளையும் ஒழுங்காக இணைத்துப் பிடித்து இப்படி நகல் எடுக்கலாம், அனுபவம் உள்ளவருக்கு இது சாதாரண வேலை. ஆனால் இந்த முறையில் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். தேய்ந்த சாவியின் நகல் பிறக்கும்போதே கிழடு. நகலின் நகலுக்கு நகல் எடுத்தால் பிழை மேல் பிழை சேர்ந்து, ஒரு கட்டத்தில் எந்தப் பூட்டும் அதை ஏற்காது.

இன்னொன்று எண்ணை வைத்து வெட்டுவது. ஆழங்களுக்கு நிலையான படிகள் உண்டு என்று பார்த்தோம். தேய்ந்த வெட்டு ஒன்று இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில், இரண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றால் அது பிறந்தபோது இரண்டாகத்தான் இருந்திருக்கும், தேய்ந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இப்படி அளந்து, அசல் எண்ணைக் கண்டுபிடித்து வெட்டினால் தேய்ந்த சாவியிலிருந்தும் புத்தம்புது அளவில் சாவி கிடைக்கும். பல வண்டிகளோடு ஒரு சிறு உலோகத் தகட்டில் சாவி எண் பொறித்துக் கொடுப்பார்கள், சிலவற்றில் சாவித் தலையிலேயே இருக்கும். அந்தத் தகட்டைச் சாவிக்கொத்திலேயே மாட்டிக்கொண்டு திரிவது, சாவியைத் தொலைக்கும்போது எண்ணையும் சேர்த்தே தொலைப்பதற்கான வழி. வண்டிக் காகிதங்களோடு வீட்டில் வையுங்கள்.

வண்டியோடு வரும் இரண்டாவது சாவியைத் தினசரிப் பயன்பாட்டுக்கு எடுக்காமல் அச்சாக வைத்திருப்பதே என் பரிந்துரை. அதிலிருந்து ஒரு நகல் எடுத்து அதை ஓட்டுங்கள், தேய்ந்தால் மறுபடி அந்த அச்சிலிருந்தே எடுங்கள். புதுச் சாவி வாங்கும்போது வெட்டின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிசிறோடு இருக்கும் சாவி வேஃபர்களை அரம்போல ராவிவிடும். பூட்டில் இறுக்கமாகத்தான் நுழைகிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். சரியாவது சாவி அல்ல, தேய்வது உங்கள் பூட்டு.

சிப் உள்ள சாவி

சில வண்டிகளில் இரண்டாவது ஒரு சேதியும் உண்டு. சாவித் தலைக்குள் ஒரு சிறு சிப், பூட்டின் வாயைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். ஆன் செய்ததும் அந்தச் சுருள் வெளியிடும் அலையிலிருந்தே சிப் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. சிப்புக்கு பேட்டரி கிடையாது. எண் பொருந்தவில்லை என்றால் வண்டியின் கணினி இன்ஜினை ஓட விடாது. இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஹோண்டா தன்னுடையதை எச்.ஐ.எஸ்.எஸ். என்று அழைக்கிறது.

இதனால் என்ன? சிப் வண்டிக்கு வெறும் உலோக நகல் எடுத்தால் பூட்டு திரும்பும், ஹேண்டில் லாக் திறக்கும், டேங்க் மூடி திறக்கும், இன்ஜின் மட்டும் ஓடாது. நகல் எடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அவர் ஒரு சேதியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். தண்டு உடைந்து தலை நன்றாக இருந்தால், புதுத் தண்டு வெட்டிப் பழைய சிப்பை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு, வெறும் உலோகச் சாவியால் திருப்பிக்கொண்டு பழைய தலையைப் பூட்டின் வாய்க்கு மிக அருகில் பிடித்தாலே பெரும்பாலும் இன்ஜின் ஓடும். பிளாஸ்டிக் கூட்டைப் பிளக்கும்போது மட்டும் கவனம். சில சிப்புகள் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும், ஸ்குரூ டிரைவர் வழுக்கினால் அதோடு போயிற்று.

யமஹாவின் இம்மொபிலைசர் வண்டிகளில் சிவப்புத் தலையோடு ஒரு சாவி வரும். புதிய சாவிகளைப் பதிவு செய்ய மட்டுமே அது. தினசரி ஓட்டத்துக்கு அதை எடுக்கக் கூடாது. அது தொலைந்த பிறகு மறுபதிவு தேவைப்பட்டால் இம்மொபிலைசர் அமைப்பு முழுவதையும் மாற்ற நேரும். அதேபோல இரண்டு சிப் சாவிகளை ஒரே வளையத்தில் மாட்டாதீர்கள், ஒன்றின் சிக்னல் மற்றதைக் குழப்பலாம்.

எண்ணெய், கீ செயின்

கெட்டியான எண்ணெயும் கிரீஸும் போட்ட அன்று சுகமாக இருக்கும். பிறகு தூசியைப் பிடித்து வைத்துப் பசைபோல ஆகி, ஸ்பிரிங்குகளை மந்தமாக்கும். உலர்ந்த கிராஃபைட் தூளோ, ஆவியாகி உலர்ந்த படலமாக நிற்கும் ஸ்பிரேயோ போதும். போட்ட பிறகு சாவியைச் சில முறை விட்டு எடுத்துத் துடைத்தால் உள்ளிருக்கும் கறுப்பு அழுக்கு சாவியில் ஏறி வரும்.

கனமான கீ செயின் தனியாகச் சாவியை உடைத்துவிடாது. ஆனால் வண்டி ஓடும் நேரமெல்லாம் ஆடி ஆடிச் சாவியின் கழுத்தையும் வேஃபர்களையும் தேய்க்கிறது, பிளாஸ்டிக் தலையில் இருக்கும் வளையத் துளையையும் பிய்க்கிறது. வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு தொங்கவிட வேண்டாம்.

லாக் செட்டை எப்போது மாற்றுவது?

சாவி திருட்டுப்போய், அது யார் கையிலோ இருக்கிறது என்றால் மாற்றுங்கள். அசல் அளவில் வெட்டிய புதுச் சாவிக்கும் பூட்டு அடம் பிடித்து, சுத்தம் செய்தும் பலனில்லை என்றால் மாற்றுங்கள். யாரோ ஸ்குரூ டிரைவரால் திருகி உருளையைச் சிதைத்திருந்தாலும் வேறு வழியில்லை. அப்போதும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இக்னிஷன் பூட்டை மட்டும் மாற்றினால் டேங்குக்கும் சீட்டுக்கும் பழைய சாவி, இக்னிஷனுக்குப் புதுச் சாவி என்று இரண்டைச் சுமக்க வேண்டிவரும். பழைய பூட்டுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் வேஃபர்களைப் புதுச் சாவிக்கு ஏற்ப மாற்றி அடுக்கித் தர முடியுமா என்று பூட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சாவி திருட்டுப்போனதற்காக மாற்றுகிறவர்கள் இதை விடவே கூடாது, இல்லையென்றால் திருடனின் கையில் இருக்கும் சாவிக்கு டேங்க் மூடி திறந்துகொண்டே இருக்கும்.